கட்டிவைத்த பொம்மை

கொலைகாரப் பொம்மை வரும் பேய்ப்படங்கள் பெரும்பாலும் தோற்றுத்தான் போகின்றன. இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. பிலிமத்தலாவையில், கொழும்பு–கண்டி வீதியோரம், பதினோரு வருடம் டீவீடி வாடகைக்குக் கொடுக்கும் கடை நடத்தியவன் நான். இப்போது அதே கடையில் போன் திருத்துகிறேன். ஆனாலும் யாராவது பேய்ப்படம் என்று பேச்செடுத்தால், திருத்துகிற போனை வயிறு திறந்தபடியே வைத்துவிட்டு நியாயம் பேசப் போய்விடுவேன். என் மனைவி இதை வாய்வியாதி என்கிறாள். மருந்தில்லாத வியாதி என்பதால் நானும் வைத்தியம் பார்க்கவில்லை.

ஒரு பேய்ப்படம் வெற்றியா தோல்வியா என்று கண்டுபிடிக்கக் கடையில் எனக்கு ஒரு வழி இருந்தது. படத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் வாசலிலேயே கதையைச் சொல்லத் தொடங்கினால் படம் தோல்வி. உண்மையாகப் பயந்தவர் பேசமாட்டார். டீவீடித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "நல்ல காமெடிப் படம் ஒண்ணு குடுங்க" என்பார். பாழடைந்த வீட்டுப் படங்களுக்கும் கிணற்றுப் படங்களுக்கும் பிறகு அப்படி நிறையப் பேர் காமெடி கேட்டிருக்கிறார்கள். பொம்மைப் படத்துக்குப் பிறகு ஒருவர்கூடக் கேட்டதில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். பேராதனைக் கம்பஸில் படித்த யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி அந்தப் பொம்மையைப் பற்றிச் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"அண்ணை, உது முழங்கால் உயரமும் இல்லை. ஒரு உதை விட்டாக் காணும். உதுக்குப் போய் ஒரு வீடே சாகுதாம்!"

அன்றிலிருந்து அது என் முழங்கால் விதியாகிவிட்டது. எதிரி முழங்காலுக்கு மேலே வளர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், பயப்படுகிறவன் உதைக்கத் தெரியாதவன். இரண்டாவது குறையை நானே கண்டுபிடித்தேன். பொம்மைப் படம் எடுக்கிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும் வரைக்கும் அந்தப் பொம்மையில் ஏதோ இருக்கும். அரை மணிநேரம்கூடப் பொறுக்காமல் அதை எழுப்பி, ஓடவிட்டு, கையில் கத்தியைக் கொடுத்து, பேசவும் வைத்துவிடுவார்கள். வாயைத் திறந்த பிறகு அது பொம்மையில்லை, குள்ளமான ரவுடி. இப்படி நான் அடித்துச் சொல்லாத வாடிக்கையாளர் கடுகண்ணாவை வரைக்கும் கிடையாது.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில். என் வீட்டு ஹாலிலேயே ஒரு பொம்மை ஏழு மாதம் நின்று என் வீட்டையே ஆட்டி வைத்தது. எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரே ஒரு தங்கை. பல்லேகலயில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவள். அவளுடைய கணவன் பிள்ளை பிறந்த வருடமே விட்டுவிட்டுப் போனவன். அவனைப் பற்றி இவ்வளவு போதும். மகளுக்கு நாலு வயது நடந்தபோது தங்கை குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் மருமகளை எங்களிடம் விட்டுப் போவதில் யாருக்கும் இரண்டாவது யோசனை இருக்கவில்லை. வேனில் ஏறும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

"அவ என்னைய மறந்துராம பாத்துக்கங்க அண்ணே."

"நான் இருக்கேன்ல," என்றேன். எனக்கு எதற்கும் தயக்கம் கிடையாது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் தங்கை வீடியோ கோல் எடுப்பாள். வைஃபை பெட்டி ஹாலில் இருப்பதால் அங்கேயே உட்கார்ந்து பேசுவோம். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. மருமகள் நேர்சரியில் படித்த பாட்டெல்லாம் பாடுவாள், விழுந்து சிராய்த்த கையைக் காட்டுவாள். திரையில் தாயின் கன்னத்தைத் தொடுவாள். தொட்டால் ஏதாவது பொத்தான் அமுங்கி, படம் போய்விடும். "தொடாத குட்டி, அம்மா மறைஞ்சுருவாங்க" என்று நான் கையை எடுத்துவிடுவேன். போன் திருத்துகிறவன் வீட்டில் திரையில் விரல் படக்கூடாது என்பது ஒரு சட்டம். கெட்டிக்காரப் பிள்ளை, இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டாள்.

பிறகு பொம்மை வந்தது. தங்கையோடு வேலை செய்த தெல்தோட்டைப் பெண் ஒருத்தி லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். முன்பக்கம் கண்ணாடி மாதிரித் தெரியும் பெரிய பெட்டி, உள்ளே ரோஸ் நிறக் கவுனும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டு, நீலக் கண்ணைத் திறந்தபடி பொம்மை நின்றது. முழங்கால் உயரம்தான். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுச் சாமானுக்கு எங்கள் வீடுகளில் என்ன மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணத்துக்கு வந்த கோப்பை செட், யாரும் சாப்பிட்டறியாத பீங்கான் தட்டுகள், காலியான சென்ட் போத்தல், சொக்லேட் தீர்ந்த தகரப் பெட்டி எல்லாம் ஹால் ஷோகேஸில்தான் இருக்கும். பொம்மைக்கு நடுத்தட்டு கிடைத்தது, பெட்டியோடு. வைத்துப் பூட்டியவன் நான்தான்.

"அவங்க வரும்போது புதுசா இருக்கணும்," என்றாள் மனைவி. தங்கை வியர்வை சிந்தி வாங்கியது, அழுக்காகக்கூடாது என்று நானும் நினைத்தேன். மருமகள் ஷோகேஸ் பக்கம் போனாலே எங்கள் இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தைதான் வரும்: தொடாத.

கொஞ்ச நாளில் அவள் கோலுக்கு வருவதை நிறுத்தினாள். வெட்கம் என்று நினைத்தோம். பிடிவாதம் என்று நினைத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை நான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். கண்ணை இறுக்கி மூடி, என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குவைத்திலிருந்த தங்கைக்கு மகளின் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். மாதங்கள் போயின.

"மறந்துட்டா, இல்லண்ணே?" என்றாள் தங்கை.

"சேச்சே, வெக்கப்படுறா."

"பொம்மையோட வெளாடுறாளா?"

"எந்நேரமும் அதோடதான்," என்று மனைவி பின்னாலிருந்து ஒரு பொய்யைச் சொன்னாள். தங்கையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த மாதம் லீவில் வருவதாகச் சொன்னாள். கோல் முடிந்ததும் கலண்டரில் நாள் எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருடம் அந்நிய வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவளிடம் மகள் போகாவிட்டால் நான் எந்த முகத்தோடு பக்கத்தில் நிற்பேன்?

அதற்குப் பிறகுதான் மருமகளைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். அறையிலிருந்து முன்வாசலுக்குப் போக ஹாலைக் கடந்து பத்து எட்டு வைத்தால் போதும். அவள் குசினி வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்தாள். மழையென்றால் குடையும் பிடித்துக்கொண்டு. தவிர்க்க முடியாத நேரத்தில் ஷோகேஸ் பக்கத்துக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி ஓடினாள். பதினோரு வருட அனுபவசாலிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளைக்குப் பொம்மை பயம். இவ்வளவுதானா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஒரு ஞாயிறு காலை, ஜன்னலெல்லாம் திறந்து வைத்துவிட்டு, குசினி மேசையில் லெப்டொப்பை வைத்து, என்னிடம் இருந்ததிலேயே சாதுவான ஒரு கொலைகாரப் பொம்மைப் படத்தைப் போட்டேன். அதிலும் ரத்தம் வரும் இடங்களை முன்னமே வெட்டியிருந்தேன்.

"உங்களுக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றாள் மனைவி.

"நீ பேசாம இரு. இதெல்லாம் என் தொழில்."

மருமகள் முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பொம்மை எழுந்து நடந்தது, சிரித்தாள். கத்தியைத் தூக்கியது, அதற்கும் சிரித்தாள். "மாமா, அது ஓடுறப்போ சப்பாத்து கழண்டுருச்சு! திருப்பிப் போடுங்க!" மூன்று தடவை திருப்பிப் போட்டேன். படம் படுதோல்வி. என் முழங்கால் விதி ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சரி குட்டி, ஓடிப்போய் ஹால்ல இருக்கிற மாமாவோட கண்ணாடிய எடுத்துட்டு வா."

அவள் எழுந்து, பின்கதவைத் திறந்து, குடையை எடுத்துக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். குடை மழைக்கில்லை, ஹாலுக்குள் பொம்மையை மறைக்க.

"நில்லு, நில்லு. கத்தி தூக்குன பொம்மைக்கே பயப்படல. நம்ம வீட்டுது சும்மாதானே நிக்குது?"

"படத்துல உள்ளது கடிக்காது மாமா. அந்த அக்கா அதத் தூக்கி வச்சு வெளாடுனாங்களே."

"இதுவும் கடிக்காதுடா."

"அப்ப ஏன் கட்டி வச்சிருக்கீங்க?"

எனக்கு விளங்கவில்லை. ஹாலின் வாசற்படி வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், தூரத்திலிருந்தே விரலை நீட்டிக் காட்டினாள். பெட்டிக்குள்ளே பொம்மை சாயாமலிருக்க இரண்டு மணிக்கட்டிலும், இடுப்பிலும், கழுத்திலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டு போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்ததே இல்லை. கீழ் வீட்டு நாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள், கடிக்கும், கிட்டப் போகக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தது நான். அடுப்பைத் தொடாதே, சுடும். பிளக்கைத் தொடாதே, ஷொக் அடிக்கும். பொம்மையைத் தொடாதே. கட்டியும் வைத்து, கண்ணாடிக் கதவைப் பூட்டியும் வைத்தால் அது எப்பேர்ப்பட்ட சாமானாக இருக்க வேண்டும்? அவளுடைய கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்று கேட்டாள். "அம்மா அனுப்புனதுன்னு அத்தை சொன்னாங்க. கடிக்கிறத ஏன் மாமா அம்மா எனக்கு அனுப்புனாங்க?"

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஏழு மாதம் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறாள். பேசாமல், எழும்பாமல், கத்தியைத் தூக்காமல், கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நின்ற பொம்மை. எந்தப் படக்காரனுக்கும் வராத பொறுமையோடு அந்தப் படத்தை எடுத்தது நானும் என் மனைவியும்தான். அது நன்றாக ஓடிவிட்டது.

மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவியையும் கத்தரிக்கோலையும் அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் பெட்டியைக் கிழித்து, கட்டுகளை வெட்டினேன். முதல் கட்டு அறுந்து பொம்மையின் கை தொங்கியதும் மருமகள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். மனைவி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பொம்மையை மடியில் படுக்க வைத்து, அதன் வாய்மேல் தன் விரலை வைத்துத் தேய்த்தாள்.

"இங்க பாரு, இதுக்குப் பல்லே இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து மருமகள் சுவரை ஒட்டி வந்தாள். முதலில் சப்பாத்தைத் தொட்டாள். பிறகு கவுனை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொம்மையும் வந்து உட்கார்ந்தது.

ஒரு கிழமையில் அந்தப் பொம்மை எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. தலைமயிரை ஒட்ட வெட்டியாயிற்று, நெற்றியில் சிவப்புப் பேனாவால் பொட்டு வைத்தாயிற்று, ஒரு சப்பாத்து வீதியோரக் கானில் மழைத்தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளிக்கிழமை கோல் வந்ததும் மருமகள் அதைக் காலில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்து திரைக்கு முன்னால் நின்றாள். ஆசையாக வாங்கியதை இப்படிச் சிதைத்துவிட்டோமே, தங்கை மனம் நோவாளோ என்று நான் பயந்தேன். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "மொட்ட நல்லா இருக்குடா, இன்னும் வெட்டு," என்றாள். அதற்குப் பிறகு தாயும் மகளும் பேசி முடிய வெகுநேரம் ஆனது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வேலை முடிந்தது என்று மனைவியிடம் சொன்னேன்.

தங்கை வந்த அன்று கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நான் மட்டும் வேனில் போனேன். மருமகளுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். பின்னேரம் வீட்டு வாசலில் இறங்கினோம். தங்கை பெட்டியைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடினாள். ஹாலின் நடுவில் மருமகள் மொட்டைப் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தங்கை அவளுக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை சிரித்தாள், ஆனால் கிட்டப் போகவில்லை. ஒரு எட்டுத் தூரத்தில் நின்று தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கை தாழத் தொடங்கியது. மறந்துவிட்டாள் என்று தங்கை நினைக்கிறாள், அது எனக்குத் தெரிந்தது.

அப்போது மருமகள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, தொடலாமா?"

பார்த்த படத்துக்கும் பார்க்காத படத்துக்கும் கருத்துச் சொல்லும் வாய் எனக்கு. அது திறக்கவே இல்லை. என் மனைவிதான் வந்து பிள்ளையின் முதுகில் கையை வைத்தாள்.

"தொடு குட்டி. அம்மா மறைய மாட்டாங்க."

அவள் பொம்மையைக் கீழே போட்டுவிட்டு, ஒரே ஒரு விரலை நீட்டித் தாயின் கன்னத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, அம்மா இன்னும் அங்கேயே இருக்கிறாளா என்று பார்த்தாள்.