பதினாறு வார்த்தையில் இரண்டு எருமை

வயர்லெஸ் வேலையில் சொல்வது பாதி வேலைகூட இல்லை. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு "கேட்கிறதா, கேட்கிறதா" என்றே காலம் தள்ளியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. எட்டாவது வரை படித்த நான் அறுபதுகளில் அந்தமானின் ரங்கத் ஊரில் அந்த நாற்காலியில் இருந்தேன். போர்ட் பிளேர் முனையில் சேவியர்.

இங்கே எழுதும் நான்கு சம்பவங்களும் மாரி என்ற ஒரே குடியேறியால் வந்தவை. ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். சர்க்கார் தருவதாகச் சொன்ன உழவு எருமை ஜோடி அவருக்கு மட்டும் வரவில்லை. மழை தொடங்கி ஒன்பது நாள். அக்கம்பக்கம் எல்லாம் உழுதாயிற்று. இன்னும் தள்ளிப்போனால் அவருக்கு அந்த வருடம் நெல் கிடையாது.

மூன்று சத்தம்

முதலில் நான் போர்ட் பிளேரைக் கூப்பிட வேண்டும். சேவியர், "கேட்கிறது, நான் பேசுவது கேட்கிறதா?" என்பார். "கேட்கிறது" என்று நான் திரும்பச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் முடியாமல் விஷயத்தை எடுத்தால் அது கடலுக்குச் சொன்ன கதை. அன்று இரைச்சல். ஆறு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பெஞ்சில் மனுத் தாளோடு உட்கார்ந்திருந்த மாரி பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "எங்க ஊர்ல கண்மாய்க்கு அக்கரையில நிக்கிறவனை ஒரே சத்தத்துல கூப்பிட்ருவோம்ணே. நீங்க மெஷினையும் வச்சுக்கிட்டு மூணு சத்தம் குடுக்குறீங்க!"

மேஜை நம்பர்

போர்ட் பிளேரில் வயர்லெஸ் செட் ஒன்று, இலாகா பதினொன்று. மேஜை நம்பர் சொன்னால்தான் சேவியர் சரியான தட்டில் போடுவார். கால்நடை மேஜை ஐந்து. முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் எனக்கு நாக்கு குழறும். மாரி எட்டிப் பார்த்ததில், ஐந்துக்குப் பதில் ஒன்பது என்றுவிட்டேன். ஒன்பது பள்ளிக்கூட மேஜை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: இவ்வருடம் காலியிடம் இல்லை, தகுதிச் சான்றுகளுடன் அடுத்த வருடம் மனுச் செய்யவும். வெட்கத்தோடு மாரிக்குப் படித்துக் காட்டினேன்.

"படிச்ச எருமை வேணாம்ணே, உழுற எருமை போதும்னு சொல்லுங்க."

ஏழு போதாது

அடுத்து ஐந்தாம் மேஜைக்கே அனுப்பினேன். செவ்வாயன்று சேவியர் கூப்பிட்டு, "செய்தி முப்பத்தொன்று, பதினாறு வார்த்தை" என்று தொடங்கினார். ஏழு வந்ததும் இடி இடித்துச் சத்தம் போய்விட்டது. என் தாளில் இருந்தது: மாரி எருமை இரண்டும் வியாழன் காலைப் படகில் வருகின்றன.

வாக்கியம் முழுசாகத்தான் இருந்தது. கயிறு வாங்கிக்கொண்டு ரங்கத் துறைக்குப் போவதாக மாரி எழுந்துவிட்டார். "இன்னும் ஒன்பது வரணும்" என்று தாளைக் கையால் மூடிக்கொண்டேன். "அதான் வருதுன்னு வந்திருச்சே, பாபு! பஸ் கரோ, போதும்!" என்று அங்கே பழகிய இந்தியும் கலந்து கத்தினார். நான் அசையவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து நான்கு வார்த்தை வந்தது, பிறகு ஐந்து: ரங்கத் துறையில் அலை, படகு எரட்டாவில் நிற்கும், நால்வர் கயிற்றுடன் வரவும். எரட்டா வேறு துறை; அங்கே ஆள் நிற்காவிட்டால் படகு எருமைகளோடு வடக்கே மாயாபந்தர் போய்விடும்.

மாரி மெதுவாக உட்கார்ந்தார். "அங்க ஓடியிருந்தா, நானும் அலையும்தான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னிருப்போம்ணே."

மறுபடியும் முப்பத்தொன்று

வியாழன் எரட்டாவில் எருமை இரண்டும் இறங்கின. வெள்ளி காலையில் மாரி ஏர் பூட்டிவிட்டார். ஆனால் செவ்வாயன்று, "பதினாறும் கிடைத்தது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மரம் விழுந்து ஏரியல் அறுந்திருந்தது. எனக்குக் கிடைத்தது சேவியருக்குத் தெரியாது. சனிக்கிழமை ஏரியலைக் கட்டியதும் அவர் முறைப்படி அதே பதினாறையும் மறுபடி சொன்னார். எழுதிக்கொண்டேன்.

சேற்றுக் காலோடு நல்ல சேதி சொல்ல வந்திருந்த மாரி தாளைப் பார்த்தார். "அடுத்த வியாழன் இன்னொரு ஜோடியாண்ணே?" முகமெல்லாம் பல். தலைப்பில் இருந்த முப்பத்தொன்றைக் காட்டி, இது பழைய செய்திதான் என்று குறுக்கே கோடு போட்டேன்.

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அந்த நம்பரை மட்டும் கொஞ்சம் மறந்து தொலைச்சிருக்கலாமேண்ணே!"

எதையும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தே சம்பளம் வாங்கிய எனக்கு, வீட்டில் காது மந்தம் என்று பெயர்.