ஒண்ணுதான் தெரியுது

பழைய லென்ஸ் ஒன்று வாங்கி, காரைக்குடி வீட்டு மொட்டைமாடியில் நின்று நிலாவைப் படமெடுத்துச் சோதித்தேன். படத்தில் நிலா இரண்டாக விழுந்திருந்தது. லென்ஸ் கெட்டுப்போனதோ என்று துணுக்குற்றேன்.

என் சிறுவயதில், பஸ் டிரைவரான அப்பாவுக்குத் தலையில் அடிபட்டபின் எல்லாமே இப்படி இரண்டாகத்தான் தெரிந்தது. பஸ் ஓட்ட முடியவில்லை. நிலா வந்த மாலைகளில் அம்மா அவரை இதே மாடிக்கு அழைத்துவந்து, எத்தனை நிலா தெரிகிறது என்று கேட்பாள்.

ஒருநாள் அப்பா, "ஒண்ணுதான் தெரியுது" என்றார்.

"நான் அழுவேன்னு பொய் சொல்றீகளா?" என்றாள் அம்மா.

அப்பா, அம்மா நீட்டிய காபி டம்ளரைப் பக்கத்தில் துழாவாமல் நேராகப் பிடித்து வாங்கினார். வெயில் சூடு ஆறாத தரையில் அம்மா அப்படியே உட்கார்ந்து சிரித்தாள்.

கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி மறுபடி எடுத்தேன். லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. நடுங்கியது என் கைதான்.