உப்புநீரில் கழுவிய மணல்

மேல்தளத்தின் அடிப்புறமான விதானத்துக்கு வெள்ளை பூசுவதற்கு முன் அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். சுத்தியலின் மரப்பிடியால் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால், உறுதியான இடம் இறுகிய ஒலி தரும். உள்ளே பிடிப்பு விட்டுப்போன இடம் காலிக் குடத்தைப் போல ஒலிக்கும். எங்கள் வீட்டு நடு அறையில் அந்த ஒலி ஓர் ஆள் நீளத்துக்குக் கேட்டது. நேர் கீழேதான், ஞாயிற்றுக்கிழமை பரமக்குடியிலிருந்து என் மனைவி தூக்கி வரவிருந்த நாற்பது நாள் பெண்குழந்தைக்குத் தொட்டில் போட இடம் ஒதுக்கியிருந்தோம்.

இராமேஸ்வரத்தில் கடலுக்குக் கூப்பிடு தொலைவில் என் தகப்பனார், அய்யா, கட்டிய வீடு அது. ஒவ்வோராண்டும் கிறிஸ்துமசுக்கு முன் விதானம் பொருக்குவிட்டு நிற்கும். அவர் துடைப்பத்தால் பொருக்கைத் தள்ளிவிட்டு, இரண்டு கை வெள்ளை ஏற்றிவிடுவார். மாசிக்குள் துருவின் செம்மை வெள்ளையைத் தாண்டி வெளியே வந்துவிடும். இம்முறையும் வாளியில் வண்ணத்தைக் கரைத்து, ரோலரை நீண்ட கோலில் மாட்டிக்கொண்டு ஆயத்தமாக நின்றார்.

முதலில் இடிக்க வேண்டும் என்றேன். பழுதான காரையைக் கம்பி தெரியும்வரை பெயர்த்து, துருவைத் தேய்த்தெடுத்து, துருக்காப்புப் பூசி, சிமெண்டால் அடைத்து, அது நன்றாகக் காய்ந்தபின் பட்டி பார்த்து, ப்ரைமர் கொடுத்த பிறகே வண்ணம். ஓரங்களைத் தூரிகையால் முடித்துக்கொண்டு, ஒரு பட்டையின் ஈரம் காய்வதற்குள் அதன் விளிம்பின்மேல் அடுத்ததை ஏற்றி உருட்டினால்தான் இணைப்புக் கோடு தெரியாது என்பதுவரை விளக்கினேன். அவர் கேட்கவில்லை. கண்ணில் தூசி விழாமலிருக்க நான் அணிந்திருந்த தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே, வீட்டுக்குள்ள பைக் ஓட்டப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏணியில் ஏறி முதல் அடியைக் கொடுத்தேன். உள்ளங்கையளவு காரை பெயர்ந்து, தரையில் விரித்திருந்த தார்ப்பாயில் சிதறியது.

"எறங்குலே. நான் கட்டுன தளம் அது. நாலு பேரு ஏறிக் குதிச்சாலும் விழுகாது."

"மேல குதிக்கிறவுகளப் பத்தி யாரு கேட்டா? கீழ படுக்கப் போறது என் பிள்ள."

அந்தத் தளத்தின் வரலாற்றை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வைகை மணல் லாரியில் பாம்பனைத் தாண்டி வந்து சேரும் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கரையிலிருந்தே மணலைச் சுமந்து வந்து, காலஞ்சென்ற என் அம்மாவும் அவரும் ஏழு தண்ணீர் விட்டு அலசிக் கலவையில் சேர்த்தார்கள். அந்த ஏழு தண்ணீரை வீட்டுக்கு வந்த எவரிடமும் அவர் சொல்லாமல் விட்டதில்லை. அன்றும் அதையே சொன்னார். நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"எழுபது தண்ணி விட்டிருந்தாலும் அதேதான் அய்யா. அலசுனது நம்ம கெணத்துத் தண்ணியில. அதுவே உப்பு."

அவர் ரோலர் கோலை ஓங்கியதை நான் பார்க்கவில்லை. முதல் வீச்சு தலைக்கவசத்தில் இறங்கியது. இரண்டாவது வலத்தோளில். ரோலரிலிருந்த வெள்ளை சுவரெங்கும் தெறித்தது. ஏணி ஒரு காலில் நின்று ஆடியது. நான் இறங்கவில்லை. சுத்தியலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு விதானத்தை வெறியோடு தாக்கினேன். தொடக்கத்தில் விழுந்த அடிகள் பழுதைத் தேடிச் சென்றவை. கடைசி மூன்றும் உறுதியாக ஒலித்த இடத்தில், அவரை அடிக்க இயலாததால் அடித்தவை. அதை இங்கே மறைப்பதற்கில்லை.

அந்த அதிர்வில் பக்கத்துப் பழுது முழுவதும் ஒரே பாளமாகக் கழன்றது. தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு போய், தொட்டிலுக்கென ஒதுக்கிய இடத்தில் சிவப்புச் சிமெண்டுத் தரையையே பிளந்தது. தூசி அடங்கியபோது மேலே கம்பிகள் தெரிந்தன. விரல் பட்டதும் ஏடேடாக உதிர்ந்தன.

அய்யா குனிந்து ஒரு துண்டை எடுத்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பவில்லை. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னை இறங்கச் சொல்லிச் சுத்தியலை வாங்கிக்கொண்டார்.

உச்சிவெயில் சாயும்வரை அடித்தார். ஒலியைக் கேட்டு அடிக்கவில்லை. பழுது, நல்லது என்று பார்க்கவும் இல்லை. சில்லுகள் முகத்தில் தெறித்துக் கன்னம் கிழிந்தது. நிறுத்துங்கள் என்று இருமுறை சொன்னேன். மூன்றாம் முறை இடுப்பைப் பிடித்து ஏணியிலிருந்து இழுத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. சுத்தியல் பிடியில் அவர் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கையைக் கழுவாமலே என் மனைவியைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வராத தாயி. பிள்ளையோட அங்கனயே இரு. தளத்த நான் இடிச்சுட்டேன்."

எவருக்கும் அடிபட்டதா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அய்யா என் தோளைப் பார்த்தார்.

"ஒம்புருசனுக்குத் தோள்ல வீங்கியிருக்கு. தளம் விழுந்து இல்ல. நான் அடிச்சது."