சுகுணவதி மேடம் கூப்பிடாத சாட்சி

மேல்பட்டாம்பாக்கத்தில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது என் தம்பி மனைவி செல்வி போன் செய்தாள். “மாமா, வக்கீல் மேடம் தவறிப் பூட்டாங்களாம். காலையிலதானாம்” என்றாள். பரிமாறிய இலையை அப்படியே விட்டு எழுந்து நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எங்கள் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்ற கோபம். அரசு வழக்கறிஞர் சுகுணவதியை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவர் நல்லவர், எளிமையானவர் என்று மற்றவர்கள் எழுதட்டும். எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது ஒரு கொலை வழக்கு. நான் அதை எழுதுகிறேன்.

என் தம்பி தணிகாசலம் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. செம்புக் கம்பி திருடி விற்ற கூட்டத்தைப் பற்றிப் போலீசில் சொன்னான். கோர்ட்டில் வந்து சொல்லவும் ஒப்புக்கொண்டான். அன்று முதல் மிரட்டல். வழியில் யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்தமாட்டான். எனக்கே நிறுத்தியதில்லை. ஒருநாள் மத்தியானம் ஷிப்டுக்குப் போகும்போது, முத்தாண்டிக்குப்பத்துக்கும் நெய்வேலி நகரியத்துக்கும் நடுவில் முந்திரித் தோப்பு ஓரமாக அவனை வெட்டிக் கொன்றார்கள். அவன் வண்டி ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றிருந்தது. வெட்டிய இருவரும் சீக்கிரமே பிடிபட்டார்கள். வண்டியை நிறுத்த வைத்தது யார், அந்த ஆளை அனுப்பியது யார் என்பதுதான் வழக்கு.

எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பியின் உயிர்க்கூட்டாளி ஆனந்தன். மனைவி பிரசவத்துக்குப் போயிருந்ததால் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தான். செல்விதான் தினமும் அவனுக்கும் சேர்த்துச் சமைத்து டப்பாவில் கட்டுவாள். ஷிப்டுக்குப் போகிற வழியில் தம்பி கொண்டுபோய்க் கொடுப்பான். “சாப்பாட்டுக்காகக் காத்துகினு இருந்தேன், அன்னிக்கு அவன் வரவேயில்ல” என்று போலீசில் சொன்னவன், பாடைக்கும் தோள் கொடுத்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் வாங்கி, புரியாததைத் திரும்பத் திரும்பப் படித்து, கோடு போட்டு, கடலூர் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மேடம் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பேசாம நீங்களே வாதாடிடுங்க பெரியவரே. நான் உங்க எடத்துல உக்காந்து உங்களத் திட்டறேன்” என்றார்.

“வெட்டுனவனுங்களோட ஆனந்தன் நின்னுகினு இருந்தத நான் பாத்தேன்னு சொல்றேன் மேடம்” என்றேன்.

“பாத்தீங்களா?”

“பாக்கல. ஆனா தெரியும்.”

“தெரிஞ்சதுக்கெல்லாம் கூண்டு கெடயாது. பாத்ததுக்குத்தான்.”

“அப்பறம் எப்படித்தான் நிரூபிப்பீங்க?”

“சதி பண்றவன் சாட்சி வச்சிக்கிட்டா பண்ணுவான்? முன்னால என்ன பண்ணான், பின்னால என்ன பண்ணான். ரெண்டையும் வரிசையா வச்சா நடுவுல இருக்கறது தன்னால தெரியும்.”

நான் சொல்ல நினைத்தது பொய் என்று எனக்கு அன்று தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை. ஆனால் அவர் என்னை அதைச் சொல்ல விடவில்லை.

அவர் வரிசையாக வைத்தது இதைத்தான். கொலைக்கு முந்தைய நாள் கொடுத்தனுப்பிய டப்பா ஆனந்தனிடமிருந்து திரும்பி வரவில்லை. கொலை நடந்த அன்று மகளுக்குப் பள்ளி விடுமுறை. அதனால் செல்வி மகளுடைய பள்ளி டப்பாவில் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவன், எப்போதும் திருப்பிக் கொடுக்கிற பழக்கத்தில், இரண்டு டப்பாவையும் கழுவிக் கொண்டுவந்து சமையல் மேடைமேல் வைத்தான். வைத்ததைச் செல்வி பார்த்தாள். இருந்த நிலையில் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. மகள் மறுபடி பள்ளிக்குக் கிளம்பிய காலையில், டப்பாவைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. தம்பி அன்று ஆனந்தனைப் பார்க்கவே இல்லையென்றால், அன்றைய சோறு போன டப்பா அவன் கைக்கு எப்படி வந்தது?

செல்வி சொன்னதும் போலீசார் அதைக் கைப்பற்றி மற்ற பொருள்களோடு வைத்திருந்தார்கள். அதன் எடை மேடத்துக்குத் தெரிந்தது. செல்வியைக் கூண்டில் நிறுத்தி, மகளுக்கு என்றைக்கு லீவு, என்றைக்கு அந்த டப்பா வீட்டைவிட்டுப் போனது, யார் கொண்டுவந்து வைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“ஏம்மா, துக்க வீட்ல ஆயிரம் பாத்திரம் கெடக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பா போனதும் வந்ததும் உனக்கு ஞாபகம் இருக்குதா? அதுக்கென்ன கால் மொளச்சா வந்துச்சி?”

“அதத்தாங்க நானும் கேக்கறேன். கொண்டாந்து வச்சவரு பக்கத்துலதான நிக்கறாரு, நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

கோர்ட்டில் சிரிப்பு. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு, “நீ வக்கீலுக்குப் படிச்சிருந்தா செல்வி, நான் இங்க டீ வித்துட்டு இருந்திருப்பேன்” என்றார். கணவன் போனதிலிருந்து செல்வி சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டப்பாவோடு போன் விவரமும் சேர்ந்தது. வெட்டியவர்களோடு ஆனந்தன் காலையிலிருந்து பேசியிருக்கிறான், கொலை நடந்த பிறகும் பேசியிருக்கிறான். துரோகம் நிரூபணம் ஆகிவிட்டது. மீதி இருந்தது, அனுப்பிய ஆள்.

அவர் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர். பெயரை எழுதவில்லை. கோர்ட் விடுவித்தவரைக் குற்றவாளி என்று எழுதக்கூடாது, அந்தச் சட்டமும் நான் படித்ததுதான். நான் என்ன நினைக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். கொலைக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆனந்தனும் அந்த இருவரும் கடைக்குள் போய் அவரோடு பேசியதாகக் கடையின் வாட்ச்மேன் போலீசில் சொல்லியிருந்தார். கூண்டில் ஏறியதும், யாரையும் பார்க்கவில்லை என்று மாற்றிவிட்டார். வாட்ச்மேன் மனைவி முனியம்மாளும் கடைக்குள்ளேயே குடியிருந்தவர். அவரும் பார்த்திருந்தார். சாட்சிப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

“அந்தம்மாவக் கூப்டுங்க மேடம். வரேன்னு என்கிட்ட சொல்லியிருக்குது” என்றேன்.

“புருஷனே மாத்திட்டான். இந்தம்மாவும் ஏறி எல்லாம் பொய்னு சொல்லிட்டா, ஆனந்தன் மேல இருக்கறதும் ஆடிப்போயிடும். இருக்கறதக் காப்பாத்தறேன்.”

“நீங்க பயப்படறீங்க.”

“உங்க தம்பி கேசு. பயப்படாம எப்படி நடத்தறது?”

கூப்பிடவில்லை. ஆனந்தனுக்கும் வெட்டிய இருவருக்கும் ஆயுள். கடைக்காரர் விடுதலை. அங்கேயே குடியிருந்த பெண்ணை அரசுத் தரப்பு ஏன் விசாரிக்கவில்லை என்று தீர்ப்பிலேயே நீதிபதி கேட்டிருந்தார். கோர்ட் படியில் எல்லோரும் கேட்க நான் கத்தினேன்: “ஏவுனவன் கார்ல போறான். நாங்க பஸ்ல போறோம்.” மேடம் கேஸ் கட்டோடு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு வெகுநாள் நான் அவரோடு பேசவில்லை.

விடுதலையை எதிர்த்துச் செல்வி பெயரில் சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டோம். முனியம்மாளை இப்போதாவது விசாரிக்க வேண்டும் என்று மனுவும் போட வேண்டியிருந்தது. “அன்னிக்கு ஏன் விசாரிக்கலன்னு முதல் கேள்வியா கேப்பாங்க. என்ன சொல்றது?” என்று கேட்டார் சென்னை வக்கீல். பதிலுக்காக மேடம் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போதே படுக்கையில் இருந்தார்.

“வாங்க பெரியவரே. சண்ட போடத்தானே?”

“ஆமா.”

“குந்திகினே போடுங்க” என்றார், நான் பேசுகிற மாதிரியே.

விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தம்மா இப்ப வருவாங்களா?”

“அன்னிக்கும் வரேன்னுதான் சொல்லுச்சி. இன்னிக்கும் அதத்தான் சொல்லுது.”

“நான் ஒரு தடவ நேர்ல போய்ப் பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும். போகல. புருஷன் மாதிரிதான் பொண்டாட்டியும் இருப்பான்னு நானே முடிவு கட்டிட்டேன்.” மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “சுத்தி வளைக்க வேணாம். அரசு வக்கீல் சுகுணவதி தப்பு பண்ணிட்டாங்கன்னு பேரப் போட்டே எழுதச் சொல்லுங்க. செத்தவங்களச் சொல்லலாமான்னு எவனாவது கேட்டா, அவங்கதான் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லுங்க.”

அப்படித்தான் கேட்டார்கள். நகரியத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றிருந்த ஒருவர், நான் இதை எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும், “இன்னிக்குமா பெரியவரே?” என்றார். இன்றைக்கும்தான். வழக்கு தோற்றால் போலீசைக் குறை சொல்லும் வக்கீலைப் பார்த்திருக்கிறேன். சாட்சியையும் நீதிபதியையும் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தன் பெயரைச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். நான் அவரை மன்னிக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எங்களுக்கு நேரம் இருந்தது அந்தத் தவறை மனுவில் எழுத வைக்கிற ஒரு வேலைக்குத்தான்.

அவருடைய படம் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அவருடைய தவறு. என் கையில் அவரே கொடுத்தது. அடுத்த வாய்தாவுக்கு முனியம்மாளையும் செல்வியையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போகிறேன். இத்தனை நாள் இந்தப் பெண்ணை ஏன் கூப்பிடவில்லை என்று நீதிபதிகள் கேட்பார்கள். சுகுணவதி என்ற பெயரை முழுங்காமல், சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வக்கீலிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.