ரிவர்ஸ் இல்லாத அமெரிக்கக் கார்

கார் ஓட்டுவது கையும் காலும் சேர்ந்து செய்கிற தொழில். எனக்கு வாய்த்த வண்டியோ அதில் பாதி வேலையைத் தானே செய்துகொள்வதாகச் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தது.

அப்போது நான் உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில் முதலாளியிடம் டிரைவர். அறுபதுகளின் தொடக்கம். மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய அமெரிக்கக் காரை முதலாளி வாங்கிவிட்டார். அதில் கிளட்ச் கிடையாது. கியர் மாற்றுகிற வேலை கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு குச்சி. முன்னால் போக ஓர் இடம், பின்னால் போக ஓர் இடம், அதில் வைத்துவிட்டால் போதும், மற்றதை வண்டி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அது பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வண்டி வாங்கி நடுரோட்டில் நின்ற அன்பர்கள் படித்து ஆறுதல் அடையலாம்.

சும்மா இருக்கத் தெரியாத கால்

எட்டு வருஷம் லாரி ஓட்டியவன் நான். கிளட்ச் மிதித்து மிதித்து இடது கால் பழகிவிட்டது. இந்த வண்டியில் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான பிரேக் பெடல் நீண்டிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் என் இடது கால் பழைய ஞாபகத்தில் பாய்ந்து அதை மிதிக்கும். வண்டி குத்திட்டு நிற்கும். பின் சீட்டில் இருக்கும் முதலாளி முன் சீட்டில் வந்து மோதுவார். முதல் வாரத்தில் அவர் மூக்குக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்தது.

எவ்வளவு சொல்லியும் கால் கேட்கவில்லை. கடைசியில் ஒருநாள் துண்டை எடுத்து இடது முழங்காலை சீட்டின் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். அன்றைக்குக் காஞ்சிபுரம் வரை ஒரு குலுக்கல் இல்லை. இறங்கும்போதுதான் முதலாளி கவனித்தார். குனிந்து முடிச்சைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாட்டுக்குத்தான் கால் கட்டுவாங்க. டிரைவருக்குக் கட்டி இப்பதான் பாக்கறேன்."

தவில்காரர் முதுகு

அப்படி ஒரு கார் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லாததால் முகூர்த்த நாட்களில் ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். முதலாளியும் இல்லையென்று சொல்ல மாட்டார். பெருநகரில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். சாயங்கால வெயில். முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் மாலையும் ஜரிகையும் சுற்றிய கார், உள்ளே கோட்டு போட்ட மாப்பிள்ளை.

இந்த வண்டிக்கு ஒரு குணம். ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மெல்ல ஊர ஆரம்பித்துவிடும். ஊர்வலத்துக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்று நினைத்தேன். கோயில் முனையில் யாரோ மாப்பிள்ளையிடம் சந்தனம் நீட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்த நேரத்தில் கால் தளர்ந்தது. பம்பர் போய்த் தவில்காரர் முதுகுக்குக் கீழே ஒரு இடி. மனிதர் இரண்டடி முன்னால் போனார், ஆனால் கை நிற்கவில்லை.

ஒரு மணி நேரம் இப்படி ஊர்ந்ததில் வண்டி சூடேறி, பெண் வீட்டு வாசலுக்கு நூறு கஜம் இருக்கும்போது கைவிட்டுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. மாப்பிள்ளை இறங்கி நடந்தார். ஜனங்கள் போன பிறகு நான் தவில்காரரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இடிச்சதுக்குக் கோவம் இல்லீங்க. தாளத்துல இடிச்சிருக்கலாம்" என்றார்.

களத்தில் சிவப்பு

அந்தக் கியர் பெட்டிக்குள் ஓடுவது தனி எண்ணெய். சிவப்பு நிறம். மெட்ராஸில் ஒரே கடையில்தான் கிடைக்கும், அதுவும் கப்பல் வந்தால். வண்டி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகவிட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்துகிற இடமோ மில்லில் நெல் காயவைக்கும் களத்தின் ஓரம்.

களத்தில் நெல் துழாவுகிறவர்களில் கன்னியம்மா என்று ஒருத்தி. சாலவாக்கத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவாள். வெள்ளைச் சிமெண்டுத் தரையில் சிவப்பாகத் தேங்கியிருப்பதை முதலில் பார்த்தவள் அவள்தான். நான் கீழே ஒரு தகரத் தட்டு வைத்தேன். அது நிரம்பி வழிந்து இரண்டு மூட்டை நெல் கறைபட்டது. முதலாளி கோபமாக வந்து நின்றபோது கன்னியம்மா துழாவுகிற கட்டையை நிறுத்தாமல் சொன்னாள்: "குடிக்கறது பெட்ரோலு, கக்கறது ரத்தம். இத்த ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்கய்யா."

இங்கிலீஷ் புத்தகமும் பாயும்

காஞ்சிபுரத்தில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் ஒரு பாய். எந்த வண்டியையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இதன் அடியில் படுத்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, இதுக்குள்ள இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். அதுவரை அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

வண்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. முதலாளி ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியாரை அழைத்துவந்தார். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து படித்துத் தமிழில் சொல்ல, பாய் கீழே படுத்துத் திருகினார். பெட்டிக்கு வெளியே இரண்டு திருகாணிகள் உண்டு. முழுக்க இறுக்கிவிட்டு, இத்தனை சுற்று தளர்த்த வேண்டும் என்று கணக்கு. வாத்தியார் இறுக்கச் சொன்னார், பாய் இறுக்கினார். வாத்தியார் பக்கம் புரட்டினார். காற்றில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டுவிட்டது போலிருக்கிறது, தளர்த்தச் சொல்கிற வரி வரவேயில்லை. இன்னும் இறுக்கணுமா என்று பாய் கேட்டார். வாத்தியார் ஆமாம் என்றார். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம்.

ஓட்டிப் பார்த்தோம். முன்னால் குதிரை மாதிரி போயிற்று. பின்னால் ஓர் அங்குலம் நகரவில்லை. ஒடிந்த சாமான் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், வர வழியில்லை. பாய் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியைக் கேட்டார்: "முன்னால போறதுக்குத்தானே சார் வண்டி வாங்கினீங்க?"

சாலவாக்கத்துச் சந்து

அதன் பிறகு எங்கே போனாலும் திரும்ப இடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டுதான் கிளம்புவேன். எந்த ஊரில் எந்தப் புளியமரத்தைச் சுற்றி வரலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு காலையில் கன்னியம்மா வேலைக்கு வராமல் மில் வாசலில் வந்து நின்றாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு முந்தின நாளிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். பஸ் மத்தியானம்தான். முதலாளி யோசித்தார். சாலவாக்கத்தில் அவள் தெரு முட்டுச் சந்தாச்சே, ரிவர்ஸ் இல்லாமல் எப்படி என்றார். அது உண்மைதான். அந்தத் தெருவுக்குள் அவர் வண்டி அதுவரை போனதே இல்லை என்பதும் உண்மை. இரண்டில் எதை நினைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

போகிற வரைக்கும் போகிறேன் முதலாளி என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், சாவி உங்கிட்டதானே கீது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சந்தில் காருக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் இடம், கதவு பாதிதான் திறக்கும். குடிசை வாசல் வரை போய் நிறுத்தினேன். பெண்ணைத் தூக்கிவந்து பின் சீட்டில் கிடத்தினார்கள். எதிரே மண்சுவர். ரிவர்ஸ் வேலை செய்யாது என்று நான் சொல்லவேண்டியிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் முன்னால் வந்து கை வைத்தார்கள். நான் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். சுவரில் உரசாமல், ஒரு குலுக்கல் இல்லாமல், அவ்வளவு பெரிய வண்டியை ரோடு வரை பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏரிக்கரை மேட்டில் வண்டி மறுபடி உறுமி நின்றது. கூட வந்த இரண்டு பேர் இறங்கித் தள்ளினார்கள். உள்ளே அந்தப் பெண் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. நாலு நாள் கழித்துக் கன்னியம்மா வேலைக்கு வந்தபோது, அந்தச் சந்திலிருந்து வண்டி எப்படி வெளியே வந்தது என்று முதலாளி அவளைக் கேட்டார். அவள் சொன்னாள்: "வண்டிக்கு ரிவர்ஸ் இல்லன்னா இன்னாய்யா, எங்க தெருவுல பதினாலு ஆம்பளைங்க கீறாங்க."

தாமலிலிருந்து வந்தவர்

கடைசியில் முதலாளி வண்டியை விற்றுவிடத் தீர்மானித்தார். தாமல் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்துகிறவர் ஒருவர் பார்க்க வந்தார். படத்துக்கு ஊர் ஊராக ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் செய்ய அவருக்கு வண்டி வேண்டும். ரிவர்ஸைப் பற்றிக் கேட்டால் சொல், கேட்காவிட்டால் வாயைத் திறக்காதே என்று முதலாளி என்னிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார்.

வந்தவர் கேட்கவில்லை. வண்டியில் ஏறி, அங்கே போ, இங்கே போ என்று ஊரெல்லாம் சுற்றினார். நானும் திரும்ப இடம் உள்ள தெருவாகவே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். மில்லுக்குத் திரும்பியதும், பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். முதலாளி முகம் மலர்ந்தது. இந்த மனிதர் ஏதாவது ஒரு ஊர்ச் சந்தில் ஒலிபெருக்கியோடு மாட்டிக்கொண்டு நிற்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. இதற்கு ரிவர்ஸ் கிடையாதுங்க என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

வந்தவர் கோபப்படவில்லை, வண்டி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததற்கு, அப்போது அவர் சொன்னதுதான் காரணம்: "அந்த சங்கதி தாமலுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. நீ சொல்றியா பாக்கலாம்னுதான் சுத்திக்கினு இருந்தேன். வண்டியோட நீயும் வந்துடு."

எல்லாம் தானாகச் செய்யும் வண்டி என்று சொல்லித்தான் எங்களிடம் விற்றார்கள், ஆனால் மூன்று வருஷத்தில் அது தானாகச் செய்த ஒரே காரியம், ஏறியவர்களையெல்லாம் இறங்கித் தள்ளவைத்ததுதான்.