இரண்டு தேசிக்காயும் இரண்டு பின் சக்கரமும்

சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சையை, எங்கள் ஊர்ப் பேச்சில் தேசிக்காயை, தின்றால் அந்தச் சக்கரம் சுற்றாது என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, கண்ணால் கண்டு, மூக்கால் முகர்ந்து நம்பினேன்.

அன்று அக்காவைப் பெண் பார்க்கிற நாள். மடுல்கெல்லையிலிருந்து நாங்கள் கண்டிக்கு இறங்கிப் போய், கோயிலில் மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திக்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பார்த்துப் பேசி முடிக்காவிட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அக்காவுக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. அப்பா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "கல்யாணம் முடியட்டும், பாப்போம்" என்று சொல்லியிருந்தார்.

எங்களிடம் இருந்தது என்னைவிட இரண்டு மடங்கு வயதான கார். புறப்படுமுன் கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் நான்கு தேசிக்காய் வைத்து நசுக்கிக்கொண்டு போக வேண்டும். வைக்கிற பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தாள். முன் சக்கரங்களுக்கு ஒழுங்காக வைத்தேன். பின் சக்கரங்களுக்கு வைக்க வேண்டிய இரண்டும் உப்பும் மிளகாய்த்தூளும் பட்டு என் வயிற்றுக்குள் போயின.

சேலை கசங்கக்கூடாது என்று அக்காவை அப்பாவுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் அம்மா, மாமா, நடுவில் குற்றவாளி.

பன்விலையைத் தாண்டியதும் கார் முனகத் தொடங்கியது. இறக்கத்தில் தானாக உருள வேண்டிய வண்டி, அப்பா மிதித்தால்தான் நகர்ந்தது.

"என்னாங்க, ஏதோ கருகுற வாசம் வருதுங்களே" என்றாள் அம்மா.

கார் நின்றது. மாமா பாய்ந்து இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தார். அது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவுக்கு ஹேண்ட் பிரேக்கில் நம்பிக்கை கிடையாது. அந்தக் கம்பி முன் இருக்கைகளுக்கு நடுவே சும்மா கிடக்கும், அவர் தொடவே மாட்டார்.

தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற மாமா, போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் தெளித்தார். முன்னால் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் இரண்டும் 'சுர்' என்றன.

"முன்னாடி ரெண்டும் பச்சத் தண்ணி மச்சான். பின்னாடி ரெண்டும் தோசக்கல்லு!"

சரியாக நான் தேசிக்காய் வைக்காத அதே இரண்டு சக்கரம்! தெய்வத்தின் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் இறங்கினோம். கடைசியாக அக்கா இறங்கினாள். மாமா ஜாக்கி போட்டு ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினார். அது பம்பரமாகச் சுற்றியது.

"ப்ரேக் புடிக்கவே இல்லையே. எங்கிட்ட நடிக்குது மச்சான் இது!"

"நடிக்குதோ என்னமோ, நேரம் போவுது. ஏறுங்க" என்றார் அப்பா.

ஏறினோம். ஒரு மைல் போனதும் மறுபடியும் அதே முனகல், அதே வாசம். மறுபடியும் கல், தண்ணீர், சுர். ஜாக்கியில் ஏற்றினால் மறுபடியும் பம்பரம். மாமா பிரேக் எண்ணெயைப் பார்த்தார், குழாயைத் தடவினார், ஒரு சக்கரத்தைச் சுத்தியலால் தட்டியும் பார்த்தார். ஆறுவதற்காக அரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த அரை மணியில் நான் கல்யாணமாகாத அக்காவையும், அவளுக்காக ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என்னையும் கற்பனை செய்து முடித்துவிட்டேன்.

வத்தேகமைக்கு முன்னால் மூன்றாவது முறை நின்றபோது நான் உடைந்தேன். கார் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து உண்மையைச் சொன்னேன்.

"அட பாவி!" அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். "அக்கா கல்யாணத்தையே உப்புப் போட்டுத் தின்னுட்டியேடா!"

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மெஷின்ல கோளாறு இல்ல மச்சான், இவன்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுத் தெருவோரக் கடைக்கு ஓடி இரண்டு தேசிக்காயோடு வந்தார். அவரே வைத்தார். என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அதன் பிறகு அது ஓடிய ஓட்டம்! முனகல் இல்லை, வாசம் இல்லை. ஆனால் அப்போது மணி பத்தே முக்கால். கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் இல்லை. சகுனம் சரியில்லை என்று பூசாரியிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம். திரும்பி வரும்போது அவ்வளவு ஏற்றத்திலும் கார் ஒரு இருமல்கூட இருமவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தேசிக்காயை அம்மாதான் வைப்பாள். வைத்த பின்பு என்னை வாயைத் திறந்து காட்டச் சொல்வாள்.

வீட்டில் இறங்கியதும் நான் அக்காவின் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவளும் அழுதாள், நடுநடுவே அவள் உடம்பு ஏன் குலுங்கியது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. "நீ ஒண்ணும் பண்ணலடா" என்றாள். அது மன்னிப்பு என்று நினைத்தேன். அடுத்த மாதம் அப்பா அலுமாரியைத் திறந்தார்; அவள் கலாசாலைக்குப் போனாள்.

நான் சொந்தமாகக் கார் வாங்கி, அக்கா முதல்தடவை முன்னால் ஏறி உட்கார்ந்த அன்றுதான் எனக்குச் சொன்னாள். பெண் பார்க்கப் போன அந்த நாளில், சேலைத் தலைப்புக்கு அடியில் கையை வைத்து, பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் அளவு மேலே இழுத்துப் பிடித்திருக்கிறாள். கார் நிற்கும்போதெல்லாம் இறக்கிவிட்டு இறங்கியிருக்கிறாள். மணி பத்தரை தாண்டியதும் விட்டுவிட்டாள்.