தட்டு மறையும் ஆழம்

ஏரி அலுவலகத்தில் அவளுடைய பதவிக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. கரையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் தட்டுக்காரிதான். செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அலுவலகப் படகில் ஏரியின் நடுவுக்குப் போவாள். கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் பூசிய ஒரு வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குவாள். தட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகிற இடத்தில் கயிற்றைப் பிடித்து, எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொள்வாள். தண்ணீர் எவ்வளவு தெளிவோ அவ்வளவு ஆழம் வரை தட்டு தெரியும். அவ்வளவுதான் சூத்திரம்.

வலை இழுக்கிற படகுகளில் இருந்து பார்த்தால் அது விளையாட்டு மாதிரிதான் தெரியும். "வீட்ல குழாய் இல்லையா, தட்டு கழுவ இவ்ளோ தூரம் வர்றே?" என்று கத்துவார்கள். முதலில் கத்துகிறவர் அவளுடைய சொந்த அண்ணன். மீனவர் சங்கத்துக்கே தலைவர். அவளும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. "உன் மீனை வைக்கத்தாண்ணா கழுவுறேன்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

சாதாரண ஏரியில்லை அது. கொஞ்சம் மூட்டமாக இருந்தால் எதிர்க்கரை தெரியாது. மூன்று ஊர்கள் அதைத்தான் குடித்தன. அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தட்டு ஏழு மீட்டர் ஆழத்தில் மறைந்தது. பதினாறு வருஷம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அப்புறம் ஒரு கோடையில் ஐந்து மீட்டர். அடுத்த கோடையில் நான்கு. அதற்கடுத்த கோடையில் இரண்டரை. கரையோரம் பச்சைக் குழம்பாகப் பாசி ஒதுங்கியது. குழாய்த் தண்ணீரில் சேற்று வாடை அடித்தது. பாசி செத்து அடியில் போய் அழுகும்போது அங்கே இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆழத்தில் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீன்கள் மூச்சு முட்டி மேலே வந்தன. பிறகு அப்படி வருவதும் குறைந்தது. அண்ணன் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஆளுக்கொரு குற்றவாளியைக் கைகாட்டினார்கள். மீனவர்கள் பயணிகள் படகைச் சொன்னார்கள். படகுக்காரர்கள் விவசாயிகளைச் சொன்னார்கள். விவசாயிகள் ஊரைச் சொன்னார்கள். அவளுடைய அதிகாரி வானத்தைச் சொன்னார். மழை அதிகம், மண் கரைந்து வருகிறது, தானாகச் சரியாகிவிடும் என்றார்.

"மழை எல்லா வருஷமும்தான் பெஞ்சுது சார். தண்ணி இந்த மூணு வருஷமாத்தான் கலங்குது" என்றாள்.

ஏரிக்குள் பதினோரு ஓடைகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் பாஸ்பரஸ் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும் என்று கேட்டாள். பாசிக்கு அதுதான் தீனி. எது அதிகமாக ஊட்டுகிறதோ அதைப் பிடித்துவிடலாம். அதிகாரி கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்த, வம்பே வேண்டாம் என்கிற மனிதர். ஏரியை அளப்பதுதான் நம் வேலை, ஓடைகள் நம் கணக்கில் இல்லை என்று நழுவப் பார்த்தார். அவள் விடவில்லை. தன் விடுமுறை நாளில் போகிறேன், சோதனைக்கூடத்தில் நேரம் மட்டும் கொடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்று நினைத்து அவர் தலையாட்டினார்.

பதினான்கு மாதம் அலைந்தாள். வெயிலில் ஒரு தடவை, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை என்று பதினோரு ஓடைகளிலும் பாட்டிலைத் தோய்த்தாள். இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். ஒரு முறை முழங்கையில் ஏழு தையல். பத்து ஓடைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. பதினோராவது, அவள் குடியிருந்த ஊருக்குள்ளேயே ஓடி வருவது, வெயில் நாளில் பரம சாது. மழைக்கு மறுநாள் மட்டும் நாற்பது மடங்கு.

அந்த ஓடையின் மேல் எட்டுப் பாலங்கள். ஒவ்வொரு பாலத்தடியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டே மேலேறினாள். ஆறாவது பாலத்துக்கு மேலே தண்ணீர் சுத்தம். ஐந்தாவதுக்குக் கீழே அழுக்கு. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட சுவர். சுவரின் அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு குழாய். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊரின் கழிவுநீரைச் சுத்திகரிப்பு ஆலைக்கு ஏற்றி அனுப்புகிற பம்பு நிலையம் அது. அவள் கணவர் பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் வேலை பார்த்தார்.

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மறுபடி ஒரு முறை தண்ணீர் எடுத்தாள். தப்பாக இருந்துவிடாதா என்ற நப்பாசை. தப்பாக இல்லை.

அன்று சாயங்காலம் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கழன்றுபோன குக்கர் கைப்பிடிக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தார். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். அவள் எண்கள் எழுதிய தாளை அவர் முன்னால் வைத்து, ஐந்தாவது பாலம், ஆறாவது பாலம் என்று விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

கேட்கக் கேட்க, துண்டு துண்டாகச் சொன்னார். அங்கே இரண்டு பம்புகள். இரண்டாவது பம்பு செத்து நான்கு வருஷம் ஆகிறது. மழை பெய்தால் மழைத் தண்ணீரும் சேர்ந்து, கழிவு வந்து விழுகிற கிணறு நிரம்பிவிடும். ஒற்றைப் பம்பால் சமாளிக்க முடியாது. ஓடைப் பக்கத்து மதகைத் திறக்காவிட்டால், தாழ்வான தெருவில் இருக்கிற வீடுகளின் குளியலறைக்குள் கழிவு பொங்கும். மேற்பார்வையாளரிடம் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். திற, பதிவேட்டில் இரண்டு பம்பும் ஓடுவதாக எழுது என்பதுதான் அந்த ஆளின் பதில். எல்லாம் வாய்மொழியாக. எழுதியது மட்டும் இவர் கை.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா நீ சும்மா இருக்க மாட்டே."

அது உண்மைதான். அறிக்கை எழுதப்போகிறேன் என்றாள். பதிவேடு விஷயத்தை அதில் எழுதமாட்டேன், அது உங்கள் பாடு. ஆனால் ஓடையில் கண்டதை மறைக்க என்னால் முடியாது. அவர் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பொய் எழுதினவன்னு ஊருக்கே தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் வலித்தது.

நான்கு நாள் வீட்டில் காஸ் தீர்ந்தது, பால் வந்தது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்தாம் நாள் அறிக்கையை அதிகாரியின் மேசையில் வைத்தாள். படித்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"இது உங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடமாச்சேம்மா. யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"பதினாலு மாசம் யோசிச்சேன் சார்."

அதிகாரி அதை மேலே அனுப்பினார். வம்பு வேண்டாம் என்று வாழ்ந்தவர் அன்றைக்கு ஏன் அனுப்பினார் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியாது. விசாரணைக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. அண்ணன் தன் ஆட்களோடு பின்வரிசையை நிறைத்திருந்தார். மேற்பார்வையாளர் நான்கு வருஷத்துப் பதிவேடுகளையும் கொண்டுவந்திருந்தார். அவற்றைச் சுமந்துகொண்டு வந்து மேசையில் அடுக்கியதும் அவள் கணவர்தான். அடுக்கிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார் மேற்பார்வையாளர். ஒரு நாள் விடாமல் இரண்டு பம்பும் ஓடியிருக்கின்றன. இந்த அம்மாவின் பாட்டில்தான் அழுக்காக இருந்திருக்கும் என்றார். சிலர் சிரித்தார்கள். அவள் எழுந்தாள். அதே பாட்டில்களில்தான் மற்ற பத்து ஓடைகளின் தண்ணீரையும் எடுத்தேன், பாட்டில் அழுக்கு என்றால் பதினொன்றும் அழுக்காக வந்திருக்க வேண்டுமே என்றாள். ஆனாலும் மேசைமேல் பதிவேடுகள் மலை மாதிரி இருந்தன. அவளிடம் இருந்தது ஆறு பக்கம். மண்டபம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

சுவரோரத்தில் இருந்து அவர் பேசினார். உரக்கக்கூட இல்லை.

"அந்தக் கையெழுத்து என்னோடது. நான் எழுதினது பொய். ரெண்டாவது பம்பு நாலு வருஷமா ஓடலை. மதகைத் திறந்ததும் நான்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும். அழுதால் ஆறு பக்கமும் பெண்பிள்ளை அழுகையாகிவிடும் என்றும் தெரியும். முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து மெதுவாகக் குடித்தாள்.

கணவரை மூன்று மாதம் வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு ஊரின் மறுகோடியில், இரண்டு பேருந்து மாறிப் போகிற ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். மேற்பார்வையாளருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கணவர் மட்டும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆனால் மழை பிடித்தால் முன்பு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பவர், இப்போது மழைச் சத்தத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார். அத்தனை வருஷம் அவர் எதைக் கேட்டுப் பயந்தார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

எட்டு மாதத்தில் புதிய பம்பு வந்தது. மழைநாள் கழிவைத் தேக்கி வைக்க ஒரு தொட்டியும் கட்டினார்கள். ஏரி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த கோடையில் தட்டு இரண்டரையில் மறைந்தது. அதற்கடுத்த கோடையில் இரண்டே கால். இத்தனை அமர்க்களமும் எதற்கு என்று ஊர் கேட்டது. கடையில் சாமான் கட்டுகிறவர்கூடக் கேட்டார். அடிச்சேறு வருஷக்கணக்காக வாங்கி வைத்த பாஸ்பரஸை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கக்குகிறது, கக்கி முடிய வேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது.

அதிகாரி ஓய்வு பெற்றுப் போக, புதிதாக வந்தவர் வாரத்துக்கு ஒரு முறை எதற்கு, மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதாதா என்றார். நோய் முற்றும்போது தினமும் பார்த்துவிட்டு, தேறும்போது பார்க்காமல் விட்டால் தேறினது யாருக்குத் தெரியும் என்று அவள் வாதாடினாள். அலுவலகப் படகு பழுதாகி நான்கு மாதம் கரையில் கிடந்தபோது, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அண்ணனின் படகு துறையில் வந்து நின்றது. மீன் நாற்றம் அடிக்கும், மூக்கைப் பொத்திக்கோ என்று மட்டும் சொன்னார்.

புதிய பம்பு வந்த நான்காம் வருஷம் மூன்று மீட்டர். ஆறாம் வருஷம் நாலரை. ஆழத்து மீன்களின் மூன்று வகைகளில் இரண்டு வலையில் விழத் தொடங்கின. மூன்றாவது வகை வரவே இல்லை. இனி வரும் என்று அவளும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பழைய ஏழு மீட்டரை என் சர்வீசில் பார்க்க மாட்டேன் என்று கேட்டவர்களிடம் வெளிப்படையாகவே சொன்னாள்.

அந்த வருஷம் வடக்கு ஓடைக் கரையில் மரங்களை வெட்டி வரிசையாக வீடுகள் எழும்ப ஆரம்பித்தன. மழைக்கு மறுநாள் அந்த ஓடை செம்மண் நிறத்தில் வந்ததை அண்ணன் போன் செய்து சொன்னார். அவள் பாட்டில்களைக் கழுவிப் பெட்டியில் அடுக்கினாள். கணவருக்கு அன்று வார விடுமுறை. முழங்கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார்.

"எத்தனை பாலம்?" என்று கேட்டார்.

"அங்க பாலமே கிடையாது. இறங்கித்தான் நடக்கணும்" என்றாள். இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.